சாட்சிக்கு வந்த மணத்தக்காளி

எந்த ஊர், எந்த ராசா என்று என்னைக் கேட்காதீர்கள். முன்பு எப்போதோ ஒரு ராசா இருந்தார். எதைக் கண்டாலும் சிரிப்பார். அவரைச் சிரிக்க வைக்கவென்றே சபையில் இருந்தவன் விதூஷகன் அம்பலத்தாடி.

ஒருமுறை ராசாவுக்கு வாயெல்லாம் புண். அரண்மனை வைத்தியர் மார்க்கண்டர் கொடுத்த சூரணம் எதற்கும் கேட்கவில்லை. அம்பலத்தாடியின் மனைவி உலகம்மை, கொல்லையில் தானாக முளைத்துக் கிடந்த மணத்தக்காளிக் கீரையைப் பறித்துக் கூட்டு வைத்து அனுப்பினாள். மூன்றே நாளில் புண் ஆறியது. வைத்தியருக்கு வயிறு எரிந்தது. நாலாம் நாள் ராசா பலாப்பழத்தை மூக்குமுட்டத் தின்றுவிட்டு வாந்தி எடுத்தார். மார்க்கண்டருக்குக் கேட்க வேண்டுமா!

"மன்னர் பெருமானே, அவள் சமைத்தது கீரை அல்ல, ஊமத்தை இலை!"

வைத்தியரே சேவகரோடு போய்க் கொல்லை முழுவதையும் பிடுங்கி எறிந்தார். ஒரே ஒரு செடியை மட்டும், பூவையும் காயையும் உருவிவிட்டு, வேரோடு சபைக்குக் கொண்டுவந்தார். பூவும் காயும் இல்லாவிட்டால் இரண்டுக்கும் இலை ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். பட்டு உடுத்திய பெரியவர்களுக்குக் கீரையைக் கூட்டாகப் பரிமாறினால்தானே தெரியும்? எல்லோரும் தலையை ஆட்டினார்கள்.

உலகம்மையின் தலையை வாங்கச் சொல்லி உத்தரவாயிற்று. அம்பலத்தாடி ராசாவின் காலில் விழுந்தான்.

"ஐயோ சாமி, என் பெண்சாதி ஒரு பாவமும் அறியாதவள்!"

"என்னமாய் அழுகிறான் பாருங்கள்!" என்று ராசா விழுந்து விழுந்து சிரித்தார். சபையும் சிரித்தது. பாவி மனுஷன், நெஞ்சு வெடிக்க நிஜமாகவே அழுதான். விதூஷகன் அழுகையை யார் நம்புகிறார்கள்?

"சரி, உனக்குச் சாட்சி உண்டா?"

"அந்தச் செடியை விட்டால் எனக்கு யாருமில்லை, மன்னவா."

"அப்படியானால் செடியே வந்து சாட்சி சொல்லட்டும்!"

அந்த நாட்டில் ஒரு வழக்கம் இருந்தது. ராசா வாயால் அழைத்த சாட்சி சொல்லி முடிக்கும்வரை தண்டனை கிடையாது. அதுவரை சாட்சிக்குச் சாப்பாடும் காவலும் அரண்மனைப் பொறுப்பு. அம்பலத்தாடி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

"உத்தரவு, மன்னவா. என் சாட்சிக்கு மண், தண்ணீர், வெயில், நான்கு காவலர் வேண்டும்."

சொன்ன சொல்லை ராசாவால் மாற்ற முடியாது. சபை முற்றத்தில் செடியை நட்டார்கள். அது மறுநாளே வாடியது. இலைகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. சிறைக் கம்பிக்குள்ளிருந்து உலகம்மை தினமும் கேட்பாள்:

"துளிர் விட்டுச்சா?"

"விட்டிருச்சு, புள்ள."

பொய்தான். வெளியே வந்து சுவரில் முட்டி அழுவான். காவலர்கள் அதற்கும் சிரித்தார்கள்.

பதினோராம் நாள் மெய்யாகவே துளிர்த்தது. பிறகு பூத்தது. ஊமத்தை என்றால் புனல்போல் நீளப் பூ வர வேண்டும். வந்ததோ மிளகாய்ப் பூவை விடச் சின்ன வெள்ளைப் பூ, ஐந்து இதழ், நடுவில் மஞ்சள் மூக்கு. ஊமத்தை முள்ளுருண்டையாகக் காய்க்கும். இதுவோ ஒரே காம்பில் கொத்தாக, மிளகு பருமனில் பச்சையாகக் காய்த்துக் கறுகறுவென்று பழுத்தது.

"என் சாட்சி சொல்லி முடித்துவிட்டது, மன்னவா. வைத்தியர் குறுக்கு விசாரணை செய்யலாம்."

மார்க்கண்டர் மெல்ல வாசல் பக்கம் நகர்ந்தார். ராசா வயிறு குலுங்கச் சிரித்து அவரை நாடு கடத்தினார். உலகம்மையை அழைத்து வந்தார்கள். எலும்பும் தோலுமாக நின்றாள்.

"விதூஷகரே, என்ன வேண்டும்? கேளும்!"

அம்பலத்தாடி மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டான். கண்ணீர் கொட்டியது.

"இனி ஒருநாள் நான் அழுதால், அன்றைக்கு மட்டும் சிரிக்காதீர்கள், மன்னவா."

ராசா அதற்கும் விழுந்து விழுந்து சிரித்தார். முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார்.