நாற்பத்தொரு ஜோடிச் செருப்பு

நாடு எதுவென்று கேட்காதீர்கள். பெயரைச் சொன்னால் அங்கே யாருக்காவது அடி விழும். கடலுக்கு அப்பால் ஒரு நாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே மௌனக்காரர் என்றொரு சிறு கூட்டம். பாட்டில்லை, மணியில்லை, வாரம் ஒருநாள் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பதே அவர்கள் வழிபாடு. அப்போது வெளியார் உள்ளே போகக் கூடாது. இன்னொரு வழக்கமும் உண்டு. நோயில் படுத்தவர், வெளியூர் போனவர் என வர முடியாதவர்களின் செருப்பையும் வீட்டார் பையில் போட்டுக் கொண்டுவந்து வாசலில் வைப்பார்கள். ஆள் வராவிட்டாலும் கடவுள் அவரை மறந்துவிடக் கூடாது என்பது எண்ணம்.

வாயே திறக்காதவர்களைக் கண்டும் அரசாங்கத்துக்குப் பயம். அனுமதித்த ஒரே இடத்தை விட்டு வீட்டில் கூடி வழிபட்டார்கள் என்று இருபத்தெட்டுப் பேரைப் பிடித்து உள்ளே போட்டது. கேட்டால், மதத்துக்காக இங்கே யாரும் சிறையில் இல்லை என்று சாதித்தது.

எந்த நாட்டில் மதச் சுதந்திரம் இல்லையென்று ஆண்டுதோறும் பார்த்துப் பட்டியல் போடும் வெளிநாட்டு ஆணையம் ஒன்று உண்டு. பட்டியலில் நாட்டின் பெயர் இருக்கும்வரை கேள்வி கேட்க ஓர் ஆளாவது வரும். அந்த நம்பிக்கையில்தான் சிறைப்பட்டவர்களின் குடும்பங்கள் நாட்களை ஓட்டின. அந்த ஆண்டு வந்தவர் ஹெல்கா. அவருக்கு மொழிபெயர்க்க அரசாங்கம் அனுப்பியது பொறையனை.

பொறையனின் தாய் மௌனக்காரி. அது அவருடைய அடையாள அட்டையில் இல்லை. பதினெட்டு ஆண்டாக அதிகாரிகளின் பொய்யைப் பிழையில்லாமல் மொழிபெயர்த்து அலுத்துப்போனவர். ஹெல்கா வழிபாட்டைப் பார்க்க வருவதற்கு முந்தின நாளே அவர் அல்லியைத் தேடிப் போனார். சிறையில் இருப்பவர்களில் ஒருவன் அல்லியின் கணவன்.

"நாளைக்கு ஒரு நாள் மட்டும் ஜெயில்ல இருக்கிறவங்க செருப்பை வைக்காதீங்கம்மா. அந்த அம்மா எண்ணுவாங்க."

"ரேஷன் கார்டுல அவர் பேரை எடுத்தாச்சு, ஓட்டர் லிஸ்ட்டுல எடுத்தாச்சு. இங்கயும் நானே எடுக்கணுமா அண்ணே?" என்றாள் அல்லி. பிறகு தணிந்த குரலில், "நீங்களும் வாயைத் திறந்துடாதீங்க. புகார் போச்சுன்னா அவரைத் தூரத்து ஜெயிலுக்கு மாத்திடுவாங்க. அப்புறம் முகத்தைக்கூடப் பார்க்க முடியாது" என்றாள்.

மறுநாள் விடியலில் பெய்த மழை ஓய்ந்திருந்தது. வாகனம் போகாத தெரு. நடந்துவந்த ஹெல்காவின் காலணி சேற்றில் புதைந்து புதைந்து எழுந்தது. அனுமதி பெற்ற அந்த வழிபாட்டு வீட்டுக்குப் புதிதாக வெள்ளையடித்திருந்தார்கள். கூரையின் கீழே நனையாத இடத்தில் செருப்புகள் வரிசையாக இருந்தன. உள்ளே போகக் கூடாதென்பதால் ஹெல்கா செருப்பை விரல்விட்டு எண்ணினார். நாற்பத்தொரு ஜோடி.

"பாத்தீங்களா? இத்தனை பேரு, யாரும் தடுக்கல," என்றார் கூடவந்த அரசாங்க அதிகாரி. பொறையன் மொழிபெயர்த்தார்.

விமான நிலையத்தில் அதிகாரி தேநீர் வாங்கப் போன நேரத்தில் பொறையனால் பொறுக்க முடியவில்லை. வழக்கத்தை விளக்கிவிட்டு, "உள்ளே பதின்மூன்று பேர்தான். மற்றவர்கள் சிறையில்" என்றார்.

ஹெல்கா குறிப்பேட்டைத் திறந்தார். "இதை எழுதினால் சொன்னது நீங்கள்தான் என்று தெரிந்துவிடும்."

"தெரியும். எழுதுங்கள்."

"குழந்தைகள் உண்டா?"

"இரண்டு."

ஹெல்கா குறிப்பேட்டை மூடி வைத்தார். நாற்பத்தொரு பேர் தடையின்றி வழிபட்டார்கள் என்று அறிக்கை வந்தது. நாட்டின் பெயர் பட்டியலிலிருந்து நீங்கியது. அடுத்த ஆண்டு யாரும் வரவில்லை.

கணவனுக்காக அல்லி செருப்பை எடுக்க மறுத்தாள், வாய் திறக்கவும் வேண்டாமென்றாள். இருபத்தெட்டுப் பேருக்காகப் பொறையன் அவள் பேச்சை மீறினார். பொறையனுக்காக ஹெல்கா எழுதாமல் விட்டார். சொல்லுங்கள், இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: அல்லி செய்தது சரி. அவள் எதையும் மறைக்கவில்லை. ஊரறிய வாசலில் வைத்தாள். பொறையன் செய்தது பாதி சரி. தன் கழுத்தை நீட்ட அவருக்கு உரிமை உண்டு, அடுத்தவள் கணவனின் கழுத்தை நீட்ட இல்லை. ஹெல்கா இரக்கப்பட்டார்தான், ஆனால் இது அவருக்கு யாரும் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. சேற்றில் நடந்து வந்தவர்களின் செருப்பு பதின்மூன்று ஜோடி. பையில் வந்த இருபத்தெட்டு ஜோடியில் ஒரு பொட்டுச் சேறில்லை. கண்ணால் கண்டதை மட்டும் எழுதியிருந்தால் யாரையும் காட்டிக்கொடுத்ததாக ஆகாது. அவர் எண்ணினாரே தவிரப் பார்க்கவில்லை. நல்லவர்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த இருபத்தெட்டுப் பேரைப் பற்றி இன்று கேட்க ஒருவரும் இல்லை.