இலையை யார் எடுப்பது

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. பர்வீன் டீச்சர் சொன்னது கொஞ்சம்தான். அதில் நான் ஒரு சொல்லைக் கூட்டினாலும் கெட்டுப்போகும். நடந்ததை நடந்தபடி எழுதப் பார்க்கிறேன்.

பார்வையற்ற பிள்ளைகள் படிக்கும் பள்ளி அது. பிரெயில் அச்சகமும் உண்டு. அங்கே தாள் அடுக்கச் சேர்ந்தவள் நான். ஒன்பதாம் வகுப்போடு நின்ற எனக்குக் கணினி நிரல், அதாவது புரோகிராம், எழுதக் கற்றுக்கொடுத்தவர் பர்வீன் டீச்சர். என்னைவிட ரொம்பச் சின்னவர். பிறவியிலேயே பார்வை கிடையாது. கணினி வாசித்துக் காட்டுவதைக் கேட்டே எழுதுவார். நான் அவரை டீச்சர் என்பேன். அவர் என்னை அக்கா என்பார்.

தமிழ் எழுத்தைப் பிரெயில் புள்ளிகளாக மாற்றுவதற்கு, எங்கள் நிரல்மொழியோடு ஒட்டிக்கொண்டு ஓடும் நீட்சி ஒன்றை நான் எழுதியிருந்தேன். ஒழுங்காகத்தான் ஓடியது. அரையாண்டுத் தேர்வு நெருங்கியபோது பள்ளிக்குப் புதுக் கணினி வந்தது. அதில் அந்த மொழியின் புதிய பதிப்பு. பழைய கணினியில் பழைய பதிப்பு. அதில் புதியது ஏறாது. எல்லா வினாத்தாளும் அடித்து முடிய இரண்டுமே ஓடியாக வேண்டும்.

அங்கேதான் சிக்கல். வினாத்தாளின் ஒவ்வொரு வரிக்கும் மொழி தன் நினைவகத்தில் ஓர் இடம் தரும். வேலை முடிந்ததும் அந்த இடத்தைக் காலிசெய்ய வேண்டும். பழைய பதிப்பில் அது என் வேலை. புதிய பதிப்பில் மொழியே செய்துகொள்கிறது. நானும் காலிசெய்தால், அதற்குள் அங்கே வந்துவிட்ட வேறொரு வரி கெட்டுப்போகிறது. ஏழாம் வகுப்பு அறிவியல் தாளின் நடுவே எட்டாம் வகுப்பு வரலாறு வந்து விழுந்தது.

என் நிரலில் காலிசெய்யும் வரிகளை நீக்கிப் பார்த்தேன். புதியது ஓடியது. பழையது இடம் நிறைந்து பாதியில் நின்றது. இரண்டு கணினிக்கும் தனித்தனிப் பிரதி வைத்தேன். எதற்கு எது என்று நானே குழம்பி மாற்றி ஏற்றினேன்.

மேலாளர் தேவசகாயம் வந்து பார்த்தார்.

"ஏம்மா, சாயங்காலத்துக்குள்ள சரியாகுமா?"

"தெரியலை சார்."

"அப்ப விடுங்க. யாரையாவது வச்சுக் கேள்வியை வாசிச்சுக் காட்டச் சொல்லிடலாம்."

பிள்ளைகளுக்கு அது பிடிக்காது. தங்கள் விரலால் தடவி வாசிக்க வேண்டும், புரியாவிட்டால் திரும்பத் தடவ வேண்டும். வாசிக்கிறவர் சலித்துக்கொண்டால் இன்னொரு முறை கேட்கக் கூசுவார்கள். டீச்சரிடம் ஓடினேன்.

"டீச்சர், இடத்தை நான் காலி செய்யணுமா, கூடாதா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

"வாங்கக்கா, சாப்பிட்டுட்டு வருவோம்."

"எனக்கு ஒண்ணும் இறங்காது டீச்சர்."

"பாயச வாசனை வருது. இறங்கும்."

எங்கள் சாப்பாட்டுக் கூடத்தில் வாழை இலைதான். சாப்பிட்டவர் தம் இலையைத் தாமே எடுத்துப் போட வேண்டும். அன்று யாரோ தங்கள் அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்காக விருந்து கொடுத்தார்கள். கூட்டம் அதிகம். என்ன சாப்பிட்டேன் என்றே தெரியாமல் எழுந்து, டீச்சரைக் கை கழுவக் கூட்டிப்போனேன். குழாயடியில் வரிசை. அங்கே நிற்கும்போதுதான் இலையை எடுக்காமல் வந்தது உறைத்தது. திரும்ப ஓடினேன். என் இடத்தில் இருந்த இலையை அவசரமாக மடித்தேன். கையில் சூடாக வழிந்தது. பாயசம்.

"யம்மா! அது என் இலை!"

உட்காரப் போன வாட்ச்மேன் சுடலைமுத்து அண்ணன் அப்படியே நின்றார்.

"இன்னும் வாயே வைக்கலையே. அப்பளத்தையாவது விட்டிருக்கலாம்ல?"

பந்தியே சிரித்தது. விருந்து கொடுத்த வீட்டு அம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு வந்தார்.

"இன்னைக்கு இலை எடுக்கிற புண்ணியம் எங்களுக்குத்தாம்மா. உங்க இலையை அப்பவே எடுத்தாச்சு. அதுலயும் பங்குக்கு வர்றீங்களே!"

அண்ணனுக்கு வேறு இலை போட்டார்கள். நான் கூனிக்குறுகிக் குழாயடிக்கு வந்தேன். சத்தத்தை வைத்தே டீச்சருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார்.

"இலையை அவங்களே எடுப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா டீச்சர்?"

"தெரியும்."

"சொல்லியிருக்கலாமே."

"எதுக்கு ஓடினீங்கன்னு, நீங்க ஓடினப்புறம்தானே எனக்குத் தெரிஞ்சது."

"இனிமே நான் இலையையே தொடமாட்டேன்."

"நாளைக்கு விருந்து கிடையாது. நீங்க எடுக்கலேன்னா அடுத்த பந்தி எங்கே உட்காரும்?"



"உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சது?"

"இன்னைக்கு இலையை யார் எடுக்கிறாங்கன்னு உள்ளே வரும்போதே கேட்டேன். தினமும் கேட்பேன்."

"தினமுமா? விருந்துன்னா பார்த்தாலே தெரியுமே."

"நீங்க பார்த்தீங்க. தெரிஞ்சுதா?"

டீச்சர் துப்பட்டாவில் கையைத் துடைத்தார்.

"எனக்குக் கண்ணு தெரியாது, கேட்கிறேன். உங்க புரோகிராமுக்கு மட்டும் கண்ணு இருக்காக்கா?"

நேரே போய் இரண்டு பிரதிகளையும் அழித்துவிட்டு, ஒன்றே ஒன்று எழுதினேன். எங்கெங்கோ இடத்தைக் காலிசெய்துகொண்டிருந்த வரிகளை எல்லாம் எடுத்தேன். அங்கெல்லாம், வேலை முடிந்தது என்று சொல்வதோடு சரி. அந்தச் சேதி ஒரு சின்ன நிரல்துண்டுக்குப் போகும். அது தொடக்கத்திலேயே, எந்தப் பதிப்பு என்று மொழியிடம் கேட்டுவைத்திருக்கும். பழையது என்றால் காலிசெய்யும். புதியது என்றால் சும்மா இருக்கும்.

பொழுது சாய்வதற்குள் இரண்டு கணினியும் அடித்து முடித்தன. டீச்சர் அறிவியல் தாளைக் கடைசிவரை தடவிப் பார்த்து, "வரலாறு எங்கேயும் இல்லைக்கா" என்றார். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. தேவசகாயம் சார் தாள் கட்டுகளைத் தாமே தூக்கிக்கொண்டு போனார்.

ஆனாலும் இன்னொரு பதிப்பு என்றைக்காவது வரும். அது என்ன பழக்கத்தோடு வருமோ. அதனால் கிளம்பும் முன் ஒரு வரி சேர்த்தேன். எனக்குத் தெரியாத பதிப்பு என்று பதில் வந்தால், ஒரு புள்ளிகூட அடிக்காமல் நின்று என்னைக் கூப்பிடச் சொல்லும் வரி.