ஏழு குடும்பத் தேற்றத்துக்கு யார் பெயர்?

கணக்கு என்றதும் எழுந்து ஓடப் பார்க்கிறவர்களே, உட்காருங்கள். உங்களைக் கூட்டிக் கழிக்கச் சொல்லமாட்டேன். தீர்ப்பு மட்டும் சொன்னால் போதும்.

மெகருன்னிசா ஒரு கல்லூரியில் கணிதப் பேராசிரியை. பதினோரு ஆண்டுகள் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு தேற்றத்தை நிரூபித்து முடித்திருந்தாள். ஆய்விதழ்க்காரர்கள் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டார்கள்: "தேற்றத்துக்கு யார் பெயர்? ஒரு பெயர்தான் வைக்கலாம். முடிவு உங்களுடையது." தன் பெயரில் ஒரு தேற்றம் வேண்டும் என்பது அவளுக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே ஆசை. ஆனாலும் பேனாவை எடுத்தவள் தயங்கினாள். ஏன் தெரியுமா?

அந்தத் தேற்றம் முளைத்தது முப்பது ஆண்டுகளுக்கு முன் கோதைநாயகி என்பவர் எழுதிய முனைவர் பட்ட ஆய்வேட்டில். கண்ணால் பார்க்கவே முடியாத, எல்லையில்லாப் பரிமாணங்களில் கிடக்கும் வடிவங்கள் அத்தனையையும் ஏழே குடும்பங்களுக்குள் அடக்கிவிடுகிறேன் என்று கிளம்பிய ஆய்வேடு அது. என்ன துணிச்சல் பாருங்கள்!

பட்டத்துக்கு முன் பொது வாய்மொழித் தேர்வு நடக்கும். யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம், ஒருவரும் கேட்கமாட்டார்கள். அரங்கம் ஊமையாக இருந்தால் நன்றாயிராதே என்று, தெரிந்தவர்களிடம் கேள்வியைச் சீட்டில் எழுதிக் கொடுத்து வைப்பது வழக்கம். கோதைநாயகியும் தம் துறை நண்பர் ஞானப்பிரகாசத்திடம் ஒரு சீட்டுக் கொடுத்திருந்தார். மனிதர் அதில் வடை எண்ணெயைப் பிழிந்து குப்பையில் போட்டுவிட்டார். முறை வந்ததும் திருதிருவென்று விழித்து, வாய்க்கு வந்ததைக் கேட்டார்: "ஏங்க, ரெண்டு குடும்பம் ஒண்ணையொண்ணு தொட்டுக்கிட்டா, தொடுற இடம் யாருக்குச் சொந்தம்?"

"தொடவே தொடாது சார்" என்றார் கோதைநாயகி. கைதட்டல்! ஞானப்பிரகாசமும் தலையாட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டார். பட்டம் அறிவித்தாயிற்று, பொன்னாடையும் போர்த்தியாயிற்று.

அந்தக் கேள்வியையே மனசுக்குள் உருட்டிக்கொண்டிருந்ததில், நான்கு நாள் கழித்து, தொடும் என்பது கோதைநாயகிக்குத் தெரிந்துபோயிற்று. வேறு ஒருவருக்கும் தெரியாது. நூலகத்துக்குப் போகவேண்டிய பிரதியில் அவர் ஒரு பக்கம் சேர்த்தார்: "தொடாது என்றேன், தவறு. இந்த இடத்தில் என் நிரூபணம் நிற்கவில்லை. என்னால் சரிசெய்ய முடியவில்லை. முடிந்தவர் செய்யுங்கள்."

நெறியாளர் தலையில் அடித்துக்கொண்டார். "வாங்கின பட்டத்துக்கு நீயே ஏம்மா வேட்டு வைக்கிற?"

அந்தப் பக்கத்தைப் படித்துத்தான் எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து விழுந்தார்கள். இருபத்திரண்டு பேர் அந்த ஓட்டையை ஆளுக்குக் கொஞ்சம் அடைத்தே முனைவரானார்கள். முழுக்க அடைத்தவள் மெகருன்னிசா.

சேதி கேட்டு ஞானப்பிரகாசம் போனில் சிரித்தார்: "நான் கேக்கலேன்னா இதெல்லாம் ஏதும்மா? என் பேரைப் போடு!"

கோதைநாயகியோ, "அடைச்சவ நீ, உன் பேர்தான். என் தப்பை இன்னும் எத்தனை நாள் ஊர் பேசணும்?" என்றுவிட்டார்.

கேள்வி கேட்டவர் ஒருவர், ஓட்டையோடு கட்டியவர் ஒருவர், அடைத்தவள் ஒருத்தி. மெகருன்னிசா யார் பெயரை வைப்பது சரி? மனசுக்குள் சொல்லிவிட்டுக் கீழே படியுங்கள். ஏமாற்று வேலை வேண்டாம்.

விடை: கோதைநாயகியின் பெயரைத்தான். ஞானப்பிரகாசத்தின் கேள்வி அருமையான கேள்வி. ஆனால் கிடைத்த பதிலை நம்பி அவரே உட்கார்ந்துவிட்டாரே! மெகருன்னிசா அடைக்காவிட்டால் அந்த இருபத்திரண்டு பேரில் ஒருவர் என்றைக்காவது அடைத்திருப்பார். அந்த ஒரு பக்கத்தை மட்டும் வேறு யாரும் எழுதியிருக்க முடியாது. எழுதச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை. மெகருன்னிசாவுக்குக் கொஞ்சம் வயிறு எரியத்தான் செய்தது. இருந்தாலும் பெயரை எழுதி அனுப்பிவிட்டாள். அச்சில் பார்த்ததும் கோதைநாயகி போனில் பிடித்துக்கொண்டார்: "அடிப்பாவி! தப்புப் பண்ணினதுக்கா என் பேரு?"

"தப்புன்னு சொன்னதுக்கு மேடம்" என்றாள் மெகருன்னிசா.