வாசலில் நின்ற நோட்டு

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்ட் மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டர் நடத்திய கோமதிநாயகம் சார் ஒரு சட்டம் போட்டிருந்தார். யாரானாலும் "மே ஐ கம் இன், சார்?" என்று கேட்டு, அவர் உத்தரவு கொடுத்த பிறகுதான் உள்ளே வரலாம். பெருக்க வரும் பேச்சியம்மாளுக்கும் அதேதான். மீறினால் வேலை காலி.

அன்றைக்குப் பெற்றோர் கூட்டம். சார் பேச எழுந்தார். வாசலில் பேச்சியம்மாள், முந்தானைக்குள் எதையோ பிடித்தபடி, "மே ஐ கம் இன், சார்?" என்றாள்.

"பாத்தீங்களா, எங்க ஆயாவே இங்கிலீஷ்லதான் கேக்கும்!" என்று பீற்றிக்கொண்டவர், அவளிடம், "நோ! யூ மஸ்ட் வெயிட்!" என்று அதட்டினார். ஒரே கைதட்டல்.

அவளும் நின்றாள். சார் பையைத் துழாவினார். "லேடீஸ் அண்ட்..." அதற்குமேல் வரவில்லை. வியர்வையில் சட்டை நனைந்துவிட்டது.

"என்னத்தத் தேடுதாரு?" என்றார் முன்வரிசைக்காரர்.

"இந்த நோட்டத்தான். வீட்ல மறந்துட்டாருன்னு அவுக சம்சாரம் குடுத்துவிட்டாக. சார்தான் நிக்கச் சொல்லிட்டாரு," என்று பேச்சியம்மாள் விரித்துக் காட்டினாள். பக்கம் பக்கமாக இங்கிலீஷ் பேச்சு, அத்தனையும் தமிழ் எழுத்தில்.

சார் பாய்ந்து வந்து கை நீட்டினார். "குடு தாயி!"

அவள் நோட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். "மே ஐன்னு கேளுங்க, சார்."