கொக்கு சொன்ன மச்ச பலன்

மாடும் கொக்கும் நண்டும் ஒரே பேச்சில் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஓர் ஏரிக்கரையில் நெட்டையன் என்று ஒரு கொக்கு இருந்தது. மச்சம் பார்த்துப் பலன் சொல்வதுதான் அதற்குப் பிழைப்பு. தொடையில் இருந்தால் தூரதேசம் போவாய், காதோரம் இருந்தால் கேட்டது கிடைக்கும் என்று அதுபாட்டுக்கு அடித்துவிடும். கேட்டவர்கள் புல்லுக்குள் நடந்து வெட்டுக்கிளியைக் கிளப்பிவிடுவார்கள். அதுதான் கூலி.

அங்கே பூவாத்தா என்று ஓர் எருமை. முதல் ஈற்றுக்குச் சினையாக இருந்தாள். முதுகில் வால் பக்கமாக அவளுக்கு எள்ளுப் போல ஒரு மச்சம். நெட்டையன் பார்த்துவிட்டு, இது ராஜ மச்சம், உன் வயிற்றில் பிறப்பது இந்த ஏரியையே ஆளும் என்றது. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

கொக்கு அதோடு விட்டிருக்கலாம். ஆனால் சேற்றில் படுத்த எருமை வெட்டுக்கிளி கிளப்பாது. மேய்கிற எருமைதான் கிளப்பும். அதனால், "ராஜ மச்சத்தைச் சேறு பூசி மூடாதே தாயி. சூரியன் கண்ணில் படணும்" என்று கூடவே ஒன்றைச் சேர்த்துச் சொல்லிவிட்டது.

எருமைத் தோலுக்கு மயிர் கம்மி. உச்சி வெயில் ஊசியாக இறங்கும். மற்றவை எல்லாம் சேற்றில் புரள, பூவாத்தா மட்டும் வெட்டவெளியில் நின்று மேய்ந்தாள். "ராஜமாதா வர்றாங்க, வழி விடுங்கடி" என்று கூட்டாளிகள் கேலி பேசினார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கிடேரிக் கன்று பிறந்தது. ராணியாகும் என்றது கொக்கு.

இரண்டு கோடை போனது. ஒரு நாள் காலையில் நெட்டையன் அவள் முதுகில் ஏறிப் பார்த்தது. எள்ளு மிளகாகி, மிளகு புளியங்கொட்டை அளவுக்கு வந்திருந்தது. ஓரமெல்லாம் கடித்துத் துப்பினது போல ஒழுங்கில்லை. ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் செம்மண் நிறம்.  ஆயிரம் முதுகு பார்த்த கொக்குக்குத் தெரியாதா, நல்ல மச்சம் இப்படி மாறாது என்று. கரைப்பொந்தில் இருக்கும் நண்டு வைத்தியரிடம் காட்டு என்று சொல்ல அலகைத் திறந்தது. சொன்னால் ராஜ மச்சம் பொய்யாகிவிடும். அப்புறம் யார் நம்மிடம் முதுகைக் காட்டுவார்கள் என்று நினைத்தது.

"என்ன அண்ணே, பேச்சையே காணோம்?"

"ஒண்ணுமில்ல தாயி. மச்சம் வளர்ந்திருக்கு. யோகமும் வளருது."

பூவாத்தா சிரித்தாள். அவள் சிரித்தபோது கொக்கு வேறு பக்கம் பார்த்துக்கொண்டது.

அப்புறம் மச்சம் அரிக்கத் தொடங்கியது. பனைமரத்தில் போய் உரசினாள், ரத்தம் வந்தது. ஆறவில்லை. ஈ மொய்த்தது. கடைசியில் யாரையும் கேட்காமல் அவளே கரைப்பொந்துக்கு நடந்து போனாள். கொக்கும் பின்னாலேயே போனது. நண்டு வைத்தியர் கொடுக்கால் அறுத்தெடுப்பதில் கெட்டிக்காரர். அவர் ஏறிப் பார்த்தார். நீட்டின கொடுக்கை மெல்ல மடக்கிக்கொண்டார்.

"மாறத் தொடங்கினப்பவே வந்திருந்தா ஒரு கிள்ளோட போயிருக்கும். வெயில் பட்டுப் பட்டு இப்ப உள்ளே இறங்கிருச்சும்மா."

பூவாத்தா வைத்தியரைப் பார்க்கவில்லை. கொக்கைப் பார்த்தாள்.

"எனக்கு என் முதுகு தெரியாது அண்ணே. உனக்குத் தெரிஞ்சுதே."

அவள் ஏசியிருந்தாலும் தேவலை.  மழைக்கு முன்னாலேயே செத்துப்போனாள். கூட்டமெல்லாம் வந்து நின்று அழுதது. கொக்கை ஒருவரும் குறை சொல்லவில்லை. பாவம், அவளோடு எவ்வளவு பிரியமாக இருந்தது என்றுகூடப் பேசிக்கொண்டார்கள். கொக்கு பார்த்தும் மறைத்ததைப் பூவாத்தா யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அந்த நல்ல பேரைக் காதால் கேட்க முடியாமல் நெட்டையன் நாணலுக்குள் போய் ஒளிந்துகொண்டது.

மூன்றாம் நாள் அந்தக் கிடேரி நாணலை விலக்கிக்கொண்டு வந்து, முதுகைக் காட்டித் திரும்பி நின்றது.

"அம்மா உன்கிட்ட முதுகைக் காட்டச் சொல்லுச்சு மாமா. இனிமே நீ உள்ளதைத்தான் சொல்லுவேன்னு சொல்லுச்சு."

கொக்கு அலகைத் திறந்தது. குரல் வரவில்லை. கழுத்தை வளைத்து, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு முதுகில் ஏறியது. வால் முதல் பிடரி வரை மயிர் மயிராக விலக்கிப் பார்த்தது. வெயில் உச்சிக்கு ஏறினதும் மெல்ல ஒரு கொத்துக் கொத்தியது. கிடேரி புரிந்துகொண்டு போய்ச் சேற்றில் படுத்தது.

அன்று முதல்தான் கொக்கு எருமை முதுகில் வாய் திறக்காமல் ஏறி நிற்கிறது. உண்ணி பொறுக்குகிறது என்று நாம் சொல்கிறோம். அது தலை குனிந்து தேடிக்கொண்டிருப்பது, அன்றைக்குப் பார்த்தும் சொல்லாமல் விட்டதை.