புயல் முடிஞ்சதுன்னு சொன்ன நரி

ஒரு காட்டுல... காடுன்னதும் சிங்கம் உறுமுற காடுன்னு நெனச்சுக்காதீங்க. இது கடலோரக் காடு. பனமரம், சவுக்கு, ஈச்சம்புதர், நடக்குற எடமெல்லாம் முள்ளு. சிங்கம் இங்க வந்தா உப்புக்காத்துல பிடரி ஒட்டிப்போயி பூனை மாதிரி ஆயிடும். அதனால அது வரல. அதுக்கும் மானம் இருக்கு.

மழை எப்ப வரும், காத்து எப்ப அடிக்கும்னு சொல்ற வேலை இந்தக் காட்டுல மயிலோடது. மயிலு ஆடுனா மழை வரும், ஆடலன்னா வராது. ரொம்ப சுலபமான ஆபீஸு. ஒரே ஒரு கோளாறுதான். ஆவணியில மயிலுக்குத் தோகை கொட்டிடும், திரும்ப வளர மாசியாயிடும். இந்தக் கரைக்குப் புயல் வர்றதோ கார்த்திகையில. வேலை இருக்குற நேரமாப் பாத்து ஆபீசருக்கு யூனிபாரம் இருக்காது.

அந்த வருசமும் கார்த்திகை வந்துச்சு. காத்து ஒரு மாதிரி வீசுச்சு. முயலு ஓடிப் போயி மயிலோட புதர் வாசல்ல நின்னுச்சு.

"மயிலு சார், காத்து சரியில்லையே. புயலா?"

மயிலு தலைய மட்டும் வெளிய நீட்டுச்சு. "தோகை இல்லாம நான் வெளிய வர்றதில்ல. மாசியில வந்து கேளு."

"மாசியில வந்து கார்த்திகைப் புயலப் பத்திக் கேக்கவா?"

"கேளேன். வந்துச்சா வரலையான்னு அப்பத் துல்லியமா சொல்லுவேன்."

சொல்ல ஆள் இல்லன்னா புயல் நிக்குமா? வந்துடுச்சு. கடல் சாம்பல் கலராச்சு. வடக்கேர்ந்து வந்த காத்து பனமரங்களோட தலையப் புடிச்சு தெக்குப் பக்கமா வளைச்சுது.

காட்டுக்கு நடுவுல ஒரு மணல்மேடு இருக்கு. அதுக்கு மேல ஒரு பெரிய தாழம்புதர். புயல்னா பெரியவன் சின்னவன் எல்லாரும் அங்கதான். அந்த மேட்டுக்குக் காவல் உடும்பு. உடும்பு ஒண்ணப் புடிச்சா விடாது. மரத்தையும் விடாது, சட்டத்தையும் விடாது.

"எல்லாரும் கேட்டுக்குங்க," அப்படின்னு உடும்பு ஆரம்பிச்சுது. "புயல் முடியற வரைக்கும் இந்த மேட்டுல யாரும் யாரையும் கடிக்கக் கூடாது. முடிஞ்சுதுன்னு யாரு வேணாலும் சொல்லலாம். ஆனா சொன்னவன்தான் மொதல்ல இறங்கணும். கடல்ல கால நனைச்சுட்டு, ஈரக்காலோட திரும்பி வந்து மேட்டுல நிக்கணும். நின்னா புயல் முடிஞ்சுது. அப்புறம் அவங்கவங்க பொழப்பு. கால் நனைக்கப் போறவன வழியில யாரும் தொடக் கூடாது. அவ்ளோதான்."

"சும்மா இறங்கிப் போனா மாமா?"ன்னு ஒரு எலி கேட்டுச்சு.

"சும்மா போறவனுக்கு சட்டம் கெடையாது. போயிப் பாரு, தெரியும்."

எல்லாரும் புதருக்குள்ள நெருக்கியடிச்சு உக்காந்தாங்க. கௌதாரியும் குஞ்சுங்களும் ஒரு மூலை. எலிக் குடும்பம் வேர் சந்துல. மயிலு பின்பக்கமாவே உள்ள நொழஞ்சு, மூஞ்சி மட்டும் வெளிய தெரியற மாதிரி உக்காந்துக்கிச்சு. கடைசியா ஓடி வந்தது முயலு. கெடச்ச எடம் எது தெரியுமா? நரியோட வாய்க்குப் பக்கத்துல.

"வா தம்பி, வா. நல்லா உள்ள தள்ளி உக்காரு," அப்படின்னு நரி அன்பா சொன்னுச்சு.

"நரியண்ணே, மூஞ்சியக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பிக்கிறீங்களா?"

"அந்தப் பக்கம் காத்து அடிக்குது தம்பி. பல்லு கூசும்."

"உங்க பல்லு கூசுனா எனக்குப் பரவால்லண்ணே."

நாள் ஆக ஆக நரியோட வயிறு இடியவிட சத்தமா உறுமுச்சு. கண்ணுக்கு முன்னாடி முயலு. அதுவும் மழையில நனைஞ்சு, குண்டா, பஞ்சு மாதிரி. தொட முடியாது. புயல் முடியணும். அதனால மயிலோட வேலைய நரி கையில எடுத்துக்கிச்சு.

காலையில எந்திரிச்சதும் மூக்க வெளிய நீட்டும். "இன்னைக்கு மத்தியானத்துக்குள்ள மழை வெறிச்சிடும்."

"எப்படிண்ணே கண்டுபுடிக்கிறீங்க?"ன்னு எலி கேட்டுச்சு.

"வாசனைடா. வெயிலு வாசனை வருது."

வந்தது வெயிலு வாசனை இல்ல, முயலு வாசனை.

முயலு மட்டும் சும்மா இருக்குமா? அதுவும் மூக்க நீட்டும். "எனக்கு அப்படித் தெரியலப்பா. இன்னைக்கும் மழை. நாளைக்கும் மழை. பொங்கலுக்கும் மழை. நம்ம பேரன் பேத்தி காலத்துல வேணா லேசா தூறல் விடும்."

முயலுக்கு வானிலையப் பத்தி ஒண்ணும் தெரியாது. பயந்தவன் பேச்சு, அவ்வளவுதான்.

"ரெண்டு பேரும் சொல்லிக்குங்க," அப்படின்னு உடும்பு கண்ணத் தொறக்காமலே சொன்னுச்சு. "யாரு சொன்னாலும் சரி, சொல்றவன் இறங்கணும்."

"அது முடிஞ்சுதுன்னு சொன்னாத்தானே மாமா? இது வெறும் முன்னறிவிப்பு," அப்படின்னு நரி கால உள்ள இழுத்துக்கிச்சு.

இப்படியே போயிக்கிட்டிருந்தப்ப ஒரு நாள் மத்தியானம், யாரோ கதவச் சாத்துன மாதிரி காத்து பொட்டுன்னு நின்னுச்சு.

மழை நின்னுச்சு. வளைஞ்ச பனமரமெல்லாம் நிமிந்துச்சு. தலைக்கு நேர் மேல நீல வானம். வெயிலு வந்து தாழ மடல்ல பளபளன்னு ஒக்காந்துச்சு. கௌதாரிக் குஞ்சுங்க கீச்சு கீச்சுன்னு கத்துச்சுங்க.

நரி குதிச்சு எந்திரிச்சுது. "நான் சொல்லல? நான் சொல்லல? புயல் முடிஞ்சுது!"

"நல்லதாப் போச்சு," அப்படின்னு கௌதாரி றெக்கைய ஒதறுச்சு. "புள்ளைங்க பூச்சி தின்னு எத்தன நாளாச்சு."

முயலு மட்டும் எந்திரிக்கல. "நரியண்ணே, ஒரு நிமிசம். மேல நீலமா இருக்கு, சரி. சுத்திப் பாத்தீங்களா? நாலாபக்கமும் கருப்பா செவுரு வெச்ச மாதிரி நிக்குதே."

"அது போற மேகம்டா."

"நாலு பக்கமும் எப்படிண்ணே போகும்? ஒரு பக்கமாவது வரணுமில்ல?"

"தம்பி," அப்படின்னு நரி நாக்கால உதட்டத் தொடச்சுக்கிச்சு, "உன் பயம் எனக்குப் புரியுது. மேகத்தப் பாத்து வந்த பயம் இல்ல அது. இங்கயே இரு. எங்கயும் போயிடாத. கால நனைச்சுட்டு இதோ வந்துடறேன்."

ஓடிடலாமான்னு முயலு யோசிச்சுது. சும்மா இறங்குனா சட்டம் காப்பாத்தாது. பாதி வழியில நரி எதுக்க வந்தா கதை முடிஞ்சுது. அதனால காத மடக்கிக்கிட்டு அங்கயே உக்காந்திருச்சு.

நரி விசில் அடிக்காத கொறையா கீழ இறங்குச்சு. கரையில பாத்தா, கடலக் காணோம். வடக்கத்திக் காத்து தண்ணிய எல்லாம் உள்ள தள்ளிட்டுப் போயிருந்துச்சு. தண்ணி எங்கயோ தூரத்துல கோடு மாதிரி தெரிஞ்சுது. நடுவுல ஈர மணலு, அதுல அங்கங்க மீனு துள்ளிக்கிட்டுக் கெடந்துச்சு. வெளமீனு, மத்தி, சும்மா அள்ளிக்கலாம்.

வேற எந்த நரியா இருந்தாலும் அங்கயே பந்தி போட்டிருக்கும். நம்ம நரிக்கு மூளை ஜாஸ்தி. "இதத் தின்னா வயிறு நெறஞ்சிடும். அப்புறம் முயலுக்கு எடம்?" அப்படின்னு மீனையெல்லாம் தாண்டித் தாண்டிப் போச்சு.

போயிக்கிட்டே இருந்துச்சு. ஒரு வழியா தண்ணி வந்துச்சு. முன்னங்கால ஒண்ண நீட்டி நரி நனைச்சுது.

புயலுக்கு நடுவுல ஒரு ஓட்டை இருக்கும். உளுந்த வடையில இருக்குமே, அந்த மாதிரி. நரி பாத்த நீல வானம் முழு வானம் இல்ல, வடையோட ஓட்டை. மிச்ச வடை இப்பத்தான் வந்துச்சு.

இந்தத் தடவ காத்து தெக்கேர்ந்து, கடலையும் தோள்ல தூக்கிக்கிட்டு வந்துச்சு. போன தண்ணியெல்லாம் ஒண்ணாத் திரும்புச்சு. நரி ஓடுச்சு. தண்ணி அதவிட வேகமா ஓடுச்சு. கொஞ்ச தூரம் நரி கடலுக்கு முன்னாடி ஓடுச்சு, கொஞ்ச தூரம் கடலுக்குள்ள ஓடுச்சு, கடைசியில ஓடவே வேணாம்னு கடலே அதத் தூக்கிட்டு வந்து மேட்டோட சரிவுல வீசிட்டுப் போச்சு.

பனமரமெல்லாம் இப்ப வடக்குப் பக்கமா வளைஞ்சு கெடந்துச்சு. நரி தவழ்ந்து தவழ்ந்து புதருக்குள்ள வந்துச்சு. காதுல பாசி, வாலுல ஒரு நண்டு தொங்குச்சு.

"மாமா," அப்படின்னு பல்லு கிட்டிக்க சொன்னுச்சு, "கால் நனைஞ்சுது. திரும்பி வந்துட்டேன். சட்டப்படி புயல் முடிஞ்சுது."

வெளிய ஒரு சவுக்கு மரம் மடார்னு விழுந்துச்சு.

உடும்பு மேலயும் கீழயும் பாத்துச்சு. "சட்டத்துல ஈரக்கால்னுதான் இருக்கு. உனக்கு காது வரைக்கும் ஈரம். செல்லாது."

முயலு கொஞ்சம் தள்ளி எடம் விட்டுச்சு. "உக்காருங்கண்ணே. வெளிய என்ன நெலவரம்?"

நரி நடுங்கிக்கிட்டே உக்காந்துச்சு. "பரவலா மழை," அப்படின்னுச்சு.

அதுக்கப்புறம் நரி முன்னறிவிப்பு எதுவும் சொல்லல.

புயல் நெசமாவே போனது ஒரு காலையில. இந்தத் தடவ காத்து பொட்டுன்னு நிக்கல. கொறைஞ்சு கொறைஞ்சு, ஆவி விடுற பானை ஆறுற மாதிரி ஆறுச்சு. சுத்தி எந்தப் பக்கமும் கருப்பு இல்ல. தட்டான் பறந்துச்சு. கடல் எப்பவும் இருக்குற எடத்துல, பழுப்பா, நல்ல புள்ள மாதிரி படுத்திருந்துச்சு.

ஆனா யாரும் வாயத் தொறக்கல. நரி நனைஞ்சத எல்லாரும்தான் பாத்தாங்களே. நரியும் வானத்தப் பத்திப் பேசல. ஆனா நாக்கு மட்டும் ஒரு தடவ வெளிய வந்து, முயலப் பாத்துட்டு உள்ள போச்சு.

முயலு அதப் பாத்துச்சு. பக்கத்துல கௌதாரி தொண்டையச் செருமுறதையும் பாத்துச்சு. கௌதாரி நல்லவ. முடிஞ்சுதுன்னு சொல்லுவா, போயி கால நனைப்பா, ஒழுங்கா திரும்பி வருவா. அவ வந்து நின்ன அடுத்த நொடி முயலு இல்ல.

"முடிஞ்சுது!" அப்படின்னு முயலு கத்துச்சு.

எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. பேரன் காலம் வரைக்கும் மழைன்னு சொன்ன முயலா இது?

"சொன்னவன் இறங்கணும்," அப்படின்னுச்சு உடும்பு.

"இறங்கறேன் மாமா. கால் நனைக்கப் போறவன வழியில யாரும் தொடக் கூடாது, இல்லையா?"

"கூடாது."

"நான் திரும்பி வந்து நிக்கிற வரைக்கும் மேட்டுல யாரும் யாரையும் கடிக்கக் கூடாது?"

"கூடவே கூடாது."

"எப்பத் திரும்பணும்னு சட்டத்துல ஏதாவது இருக்கா?"

உடும்பு சட்டத்த மொதல்லேர்ந்து முணுமுணுத்துப் பாத்துச்சு. கண்ண ஒரு தடவ மூடித் தொறந்துச்சு. "இல்ல."

நரிக்கு அப்பத்தான் உறைச்சுது. "மாமா! மாமா, அவன்..."

"நரியண்ணே," அப்படின்னு முயலு சரிவுல காலு வெச்சுக்கிட்டே சொன்னுச்சு, "இங்கயே இருங்க. எங்கயும் போயிடாதீங்க. இதோ வந்துடறேன்."

போச்சு. கடல் ஓரமா ஒரு காலத் தொட்டுது. சட்டம் சட்டம்தானே. அப்புறம் கரையோடவே மேக்குப் பக்கம் நடந்துச்சு. அப்புறம் ஓடுச்சு. அப்புறம் காணோம்.

கொஞ்ச நேரம் ஆச்சு.

"முயலு தம்பி போயி எவ்ளோ நேரம்," அப்படின்னு கௌதாரி எந்திரிச்சா. "என்ன ஆச்சோ ஏதாச்சோ. மாமா, நானும் சொல்றேன், முடிஞ்சுது. வாங்க புள்ளைங்களா, எல்லாரும் காலு நனைக்கலாம்."

அவளும் வரல. குஞ்சுங்களும் வரல.

எலிக் குடும்பம் வரிசையா நின்னு, "முடிஞ்சுது," "முடிஞ்சுது," "முடிஞ்சுது"ன்னு சொல்லிச் சொல்லி இறங்குச்சு. கடைசிக் குட்டி எலி மட்டும் நரியப் பாத்து, "வெயிலு வாசனை வருதுண்ணே!"ன்னு சொல்லிட்டு ஓடுச்சு.

மேட்டுல மிச்சம் உடும்பும் நரியும். அப்புறம் மயிலு. தோகை வராம எதையும் சொல்ல முடியாதுன்னு அது இறங்க மாட்டேன்னுடுச்சு. நல்லா கொழுத்த மயிலு. நரிக்குக் கைக்கெட்டுற தூரம். ஆனா முயலு இன்னும் திரும்பி வரல, அதனால இன்னும் புயல்.

"ஏன் நரி, நீயும் சொல்லிட்டு இறங்கலாமே?" அப்படின்னு உடும்பு கேட்டுச்சு. "போயி கால நனைச்சுட்டு வந்து நின்னா எல்லாம் சட்டப்படி முடிஞ்சிடும்."

நரி எந்திரிச்சு கடலப் பாத்துச்சு. கரையில ஒரு சின்ன அலை 'சளக்'னு தட்டிட்டுத் திரும்பிப் போச்சு. நரி நாலு காலையும் வயித்துக்குக் கீழ இழுத்துக்கிட்டுத் திரும்பவும் உக்காந்துடுச்சு.

அண்ணாந்து வானத்தப் பாத்துச்சு. ஒரு பொட்டு மேகம் இல்ல.

"எங்க மாமா," அப்படின்னுச்சு நரி, "ஒரே மேகமூட்டமா இருக்கே."

நீதி: வானம் வெளுத்துடுச்சுன்னு யாராவது சொன்னா, வானத்தப் பாக்குறதுக்கு முன்னாடி சொன்னவனோட வயித்தப் பாரு.