பத்து நாள் துடைக்காத பலகை

இதைச் சரியாகச் சொல்வேனா என்று பயமாகத்தான் இருக்கிறது. ஏழாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். மெஷின் விஷயத்தில் ஏதாவது மாறிப்போனால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். பேசிய பேச்சை மட்டும் மாற்றாமல் சொல்கிறேன்.

சாலிகிராமத்தில் ரஹீமா மேடத்தின் ரெக்கார்டிங் ஸ்டுடியோவில் கூட்டித் துடைக்கிறேன். மேடத்திடம் மிக்சிங், அதாவது பாட்டின் சத்தங்களை ஏற்றி இறக்கிச் சேர்க்கிற வேலை, கற்றுக்கொள்ள வந்தவர் கிளாட்சன் சார். நாகர்கோவில்காரர். மேடத்தைவிட ஆறு வயது மூத்தவர்.

ஒரு நாள் காலையில் அவர் மேடத்தின் முன்னால் வந்து நின்றார்.

"மேடம், என் கை ஏன் தப்புது?"

மேடம் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"எங்க தப்புது?"

"கன்ட்ரோலர்ல. நேத்து பாட வந்த அம்மா பாடிட்டு இருக்கும்போது அவங்க குரலைக் கொஞ்சம் ஏத்தப் போனேன். எக்கோ ஏறிடுச்சு. கிணத்துக்குள்ள நின்னு பாடுற மாதிரி. ஹெட்போனைக் கழட்டி வச்சிட்டுப் போயிட்டாங்க."

கன்ட்ரோலர் என்பது மேசை மேல் வைக்கிற சின்னப் பலகை. அதற்கென்று தனியாகச் சத்தம் கிடையாது. திருகுகிற நாப்கள் வரிசையாக இருக்கும். எந்த நாப்பைத் திருகினால் கம்ப்யூட்டரில் எது கூட வேண்டும், எது குறைய வேண்டும் என்று அவரவர் வசதிக்கு அமைத்துக்கொள்ளலாம்.

கிளாட்சன் சார் ஒரு மாதம் உட்கார்ந்து பதினாறு நாப்புக்கும் வேலை கொடுத்திருந்தார். அதோடு விடவில்லை. ஓரத்தில் ஒரு பொத்தான். அதை அமுக்கினால் பதினாறும் வேறு பதினாறு வேலைக்கு மாறும். இன்னொரு தரம் அமுக்கினால் இன்னும் பதினாறு. மூன்றாம் தரம் அமுக்கினால்தான் பழையபடி முதல் பதினாறு.

"நாற்பத்தெட்டு வேலை மேடம். எல்லாம் கைக்கிட்டயே இருக்கு. பின்ன ஏன் தப்புது?"

கேட்டுவிட்டு கிளாட்சன் சார் என் பக்கம் திரும்பினார்.

"அக்கா துடைக்கும்போது நாப்பைத் திருகிடுறாங்க. அதான்."

அப்படி நடக்கக்கூடியதுதான். துணி பட்டால் நாப் நகரும். அணைத்திருக்கிற கம்ப்யூட்டருக்கு அது தெரியாது; நாப் பழைய இடத்திலேயே இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும். மறுநாள் தொட்டவுடன் சத்தம் தாவும். முன்பு வேலை பார்த்த இடத்தில் இந்தப் பழியைச் சொல்லித்தான் என்னை நிறுத்தினார்கள்.

"மெதுவாத்தான் துடைக்கிறேன் மேடம்."

"வேற ஆளைப் பார்த்துக்கலாம் மேடம்," என்றார் அவர்.

மேடம் டம்ளரைக் கீழே வைத்தார்.

"பவுனக்கா, பத்து நாளைக்கு அந்தப் பலகையைத் துடைக்காதீங்க."

"வெளியே ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்காங்க மேடம். தூசி அப்பிடும்."

"அப்பட்டும்."

"பத்து நாள் கழிச்சு?" என்று கேட்டார் கிளாட்சன் சார்.

"அதுவரைக்கும் உங்க கை தப்பலைன்னா அக்காவை அனுப்பிடலாம்."

எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் கை தப்பக் கூடாது என்று வேண்டினால் என் வேலை போகும். தப்ப வேண்டும் என்று வேண்டினால் பாவம். இரண்டையும் வேண்டிக்கொண்டேன்.

நாலாம் நாள் அவர் கை தப்பியது.

ஒன்பதாம் நாள் பாடுகிற அம்மா சமாதானமாகித் திரும்ப வந்தார். இரண்டு வரி பாடினார். நிறுத்தினார்.

"என்ன கிளாட்சன், இன்னைக்கும் கிணறா?"

பத்தாம் நாள் மேடம் அவரைப் பலகை முன்னால் உட்கார வைத்தார். விளக்கை அணைத்தார். செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தார்.

மூன்று நாப்கள் எண்ணெய் தடவியதுபோல மின்னின. மற்ற பதின்மூன்றின் தலையிலும் மாவு தூவியதுபோலத் தூசி.

ஓரத்துப் பொத்தானும் மின்னியது.

"இந்தப் பொத்தானை எதுக்கு அமுக்குறீங்க?"

"மத்த வேலைகளுக்குப் போறதுக்கு மேடம்."

"போய் என்ன செஞ்சீங்க?"

அவர் தூசியைப் பார்த்தார்.

"ஒண்ணும் செய்யலை. எல்லாம் இருக்கான்னு பார்த்துட்டு வந்துடுவேன்."

"முதல் பதினாறுக்கே திரும்பி வந்துட்டீங்களான்னு எப்படித் தெரியும்?"

அவர் பொத்தானை அமுக்கி அமுக்கிப் பார்த்தார்; எத்தனை தரம் அமுக்கினாலும் பலகை ஒரே மாதிரிதான் இருந்தது.

மேடம் என் தோளில் கிடந்த துணியை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"துடைங்க."

அவர் துடைத்தார். பார்த்துப் பார்த்து, ஒரு விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு துடைத்தார். அப்படியும் ஐந்தாறு நாப் திரும்பின. எனக்கே தெரிந்தது. அவருக்கும் தெரிந்திருக்கும்.

துணியை என்னிடம் நீட்டும்போது, "மன்னிச்சுக்கோங்க அக்கா," என்றார்.

என்னை அனுப்பவில்லை. ஆனாலும் என் பயம் போகவில்லை. இன்றைக்கு மன்னிப்புக் கேட்பவர் நாளைக்கு மறுபடியும் என் பக்கம் திரும்ப மாட்டார் என்று என்ன நிச்சயம்?

அதனால் வீட்டில் மிச்சம் கிடந்த லைனிங் துணியில் பலகைக்கு ஒரு உறை தைத்தேன். நாலு ஓரமும் எலாஸ்டிக். மின்னிய மூன்று நாப்புக்கு மட்டும் மூன்று ஓட்டை, சுற்றிலும் நூல் பிரியாதபடி காஜா எடுத்து. மற்றதெல்லாம் உள்ளே. இனி என் துணி பலகை மேல் படவே வேண்டாம்.

மறுநாள் காலையில் மாட்டிவிட்டு, ஒதுங்கி நின்றேன்.

மேடம் வந்து உறையைத் தடவிப் பார்த்தார்.

"பொத்தானுக்கு ஓட்டை எங்கக்கா?"

"அதைப் பார்த்தாத்தான் மேடம் எனக்குப் பயமே."

கிளாட்சன் சார் உறையைக் கழற்றக் கையைக் கொண்டுபோனார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு, கழற்றாமலே உட்கார்ந்தார்.